ஒரே வாரத்தில் முப்பது

"தம்பி, செந்தூர்பாண்டி பிளேட்டு எத்தனை இருக்கு?"

நேற்றுதான் மதராஸிலிருந்து முப்பது வந்து இறங்கியது, இன்னும் ஒன்றுகூட விற்கவில்லை என்றான் கிராமபோன் கடை ஜேசுதாசன்.

"முப்பதையும் கட்டு. இந்தா வாசல்ல ஓடுதே, அதையும் சேத்து."

ஜேசுதாசன் மலைத்துப்போனான். கேட்டவர் காசிலிங்கம். சொந்தமாகப் பாட்டெழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, இருபது வருஷத்தில் ஒன்பது இசைத்தட்டு வெளியிட்டவர். செந்தூர்பாண்டியும் அப்படித்தான். ஆனால் இது அவருக்குப் பத்தாவது. அங்கேதான் காசிலிங்கத்துக்கு வயிறு எரிந்தது.

யுத்தத்தில், தட்டு வார்க்கிற அரக்குக்குப் பஞ்சம் வந்துவிட்டது. இனிமேல் இந்தப் பக்கத்தில் ஒரே ஒருவருக்குத்தான் பதிவு, எவர் தட்டு வேகமாகப் போகிறதோ அவருக்கு என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். போன தசராவுக்கு வந்த காசிலிங்கத்தின் தட்டு முப்பதும் ஒரே வாரத்தில் தீர்ந்திருந்தது. அந்தப் பெருமையை அவர் சவரக் கடையில்கூடச் சொல்லாமல் விட்டதில்லை.

செந்தூர்பாண்டி அதை மிஞ்சிவிடுவான் போலிருந்தது. சனியன் பிடித்த பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. உப்பு ஏற்றிப் போன வண்டிக்காரன் ஒருவன் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றான். காசிலிங்கத்தின் பாட்டுக்கு எந்த மாடும் நின்றதில்லை.

ஊர் கேட்டால்தானே கொண்டாடும்? கேட்கத் தட்டே இல்லையென்றால் பாட்டு தானாகச் செத்துப்போகும். அதுதான் அவருடைய யோசனை. ஜேசுதாசனிடம், குலசேகரன்பட்டினத்துச் சொந்தக்காரர்களுக்குத் தசரா அன்பளிப்பு என்று சொல்லி வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் திரேஸ்புரம் கடற்கரையில் ஒரு வள்ளம் பிடித்தார். முத்துக் குளிக்கிறவனும் எட்டாத ஆழம் பார்த்து, மூட்டையைக் கல்லோடு கட்டி இறக்கிவிட்டார். நிம்மதியாகக் கரை திரும்பும்போது தன் வாய் எதையோ முணுமுணுப்பதைக் கவனித்தார். செந்தூர்பாண்டியின் பல்லவி. தூ என்று கடலில் துப்பினார்.

பத்து நாள் கழித்து ஜேசுதாசன் ஆளனுப்பினான். கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. முப்பது தட்டும் ஒரே நாளில் போனது இதுவரை நடக்காத அதிசயமாம். இனிப் பதிவு செந்தூர்பாண்டிக்குத்தானாம். அதே பாட்டில் இன்னும் இருநூறு தட்டு தூத்துக்குடிக்கு வருகிறதாம்.

காசிலிங்கம் கடிதத்தைக் கடை மேஜையில் விட்டெறிந்தார்.

"ஒத்த ஆளு மொத்தமா வாங்குனா அது விற்பனையாடே? என் பாட்டை முப்பது வீட்டுக்காரன்லா வாங்குனான். அதை எழுது கம்பெனிக்கு."

ஜேசுதாசன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, உங்க பிளேட்டையும் ஒத்த ஆளுதான் வாங்குனாவ. தெனமும் நாலஞ்சா வந்து எடுத்துட்டுப் போனாவ. செந்தூர்பாண்டி அண்ணாச்சிதான். வெளிய சொல்லிராதன்னு சொன்னாவ."

காசிலிங்கம் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷத்துப் பொறாமை ஒரு நொடியில் வடிந்துவிட்டது. கண் கலங்கியது. இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கா இந்தத் துரோகம் செய்தோம் என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"என் பாட்டு மேல அவருக்கு அவ்வளவு ஆசையா, தம்பி?"

"அது தெரியல அண்ணாச்சி. போன மாசம் அவிய வீட்டுக் கெணத்தத் தூர்வாருனாவ. உங்க பிளேட்டு முப்பதும் உள்ளதான் கெடந்துச்சாம்."