அஞ்சு டாப்ஸ்

ஏலகிரியில வேன் நின்னதும் நாங்க எல்லாரும் பார்க்கைப் பாத்து ஓடினோம். பாண்டிச்செல்வி மட்டும் பையைத் தூக்கிக்கினு பாத்ரூம் பக்கம் ஓடினா. போகும்போது பச்சை டாப்ஸ். வரும்போது மஞ்சள்.

"இன்னாடி, பொண்ணு பாக்க யாராவது வராங்களா?"

"ஒரு போட்டோ எடுங்கக்கா."

இருங்காட்டுக்கோட்டையில எங்க வூட்டு மாடி ரூம்ல வாடகைக்கு இருக்கா. ஊரு கோவில்பட்டி பக்கம். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, வேற வேற லைன்.

மெஷினுக்கெல்லாம் சர்வீஸ் பண்ணணும்னு வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கம்பெனியையே மூடுவாங்க. அந்த ஒரு நாளுக்காக நாலு மாசமா பேசிப் பேசி, இருபது பேர் சேர்ந்து பிடிச்ச வேன் இது.

பார்க்ல எல்லாரும் பேர் எழுதின போர்டுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டோம். இவ வரலை.

"போர்டு வேணாம்க்கா. பின்னாடி மரம் மட்டும் தெரியட்டும்."

சரி, ஏதோ பொழப்பத்த ஆசைன்னு விட்டேன். அடுத்து முருகன் கோயில். அங்கே நீல டாப்ஸ். படிக்கட்டுல நின்னா, கோயில் பேர் விழாம எடுக்கச் சொன்னா. அடுத்து டெலஸ்கோப் வச்சிருக்கிற இடம். அங்கே சிவப்பு, அப்புறம் ஊதா.

ஒவ்வொரு இடத்துலயும் அவ துணி மாத்திட்டு வர்ற வரைக்கும் வேன் நின்னுச்சு. டூருக்கு ஏற்பாடு பண்ண ரகு ரெண்டு தடவை ஹாரன் அடிக்க வச்சான்.

"ஹீரோயின் வந்தாச்சா? வண்டியை எடுக்கலாமா?"

வேன்ல எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருந்தது.

கடைசியா ஏரிக்குப் போனா, படகு டிக்கெட் கவுன்ட்டரை அப்பதான் மூடிட்டுப் போறாங்க. எங்க லைன் ரஞ்சனா படகுல போகணும்னே வந்தவ. அழாத குறை. எனக்கு வந்துச்சே கோவம்.

"அஞ்சு டாப்ஸை மாத்தி மாத்தி யாருக்குடி காட்டப் போற? உன்னால எல்லாருக்கும் நாளே பாழ்."

அவ பையை மடியில வச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்தா.

"எங்கம்மாவுக்குக்கா."

"அம்மாவுக்கா?"

"அம்மா இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்துச்சுக்கா. தீக்குச்சி மருந்து நெடி ஏறி ஏறி இப்போ மூச்சு விட முடியலை. இனிமே அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தம்பி படிப்பை நான் பாத்துக்கிறேன், நீ வீட்டுல இருன்னு சத்தியம் வாங்கி உக்கார வச்சிருக்கேன்."

"அதுக்கும் டாப்ஸுக்கும் இன்னா சம்பந்தம்?"

"நான் ஞாயித்துக்கிழமை கூட ஓ.டி. பாக்குறது தெரிஞ்சா, அம்மா மறுபடியும் வேலைக்குக் கிளம்பிரும். அதான் வாரம் ஒரு போட்டோ அனுப்பலாம்னு. ஒரு வாரம் மாமல்லபுரம் போனேன்னு சொல்லுவேன். அடுத்த வாரம் குன்றத்தூர் கோயில். போர்டு தெரிஞ்சா மாட்டிக்குவேன்ல?"

"அஞ்சு வாரத்துக்கு அப்புறம்?"

"தீபாவளி லீவு வந்துரும்க்கா."

காலையில இருந்து அவளை என்னென்ன பேசிட்டேன்னு நெனச்சா வெட்கமா இருந்தது. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்த ரஞ்சனா, தன் துப்பட்டாவைக் கழட்டி அவ தோள்ல போட்டா.

"இதோட ஏரி பக்கம் நில்லு. இன்னும் ஒரு வாரத்துக்கு ஆகும்."

ரகு தன் போனை எடுத்துக்கினு வந்தான். "அந்தாண்ட வா, அங்கதான் வெளிச்சம் நல்லா கீது"ன்னான்.

திரும்பி வரும்போது படகைப் பத்தி யாருமே பேசலை.

அதுக்கப்புறம் நாலாவது வாரம், ஒரு திங்கட்கிழமை. எனக்கு செகண்ட் ஷிஃப்ட், வூட்லதான் இருந்தேன். அவ காலையிலயே வேலைக்குப் போயிட்டா. உள்ள போன் எடுத்துட்டுப் போகக் கூடாதுங்கிறதால, அவசரத்துக்குன்னு என் நம்பரை ஊர்ல குடுத்து வச்சிருந்தா. பதினோரு மணிக்கு அந்த நம்பருக்குப் போன் வந்தது.

"நிலாதான தாயி? பாண்டியோட அம்மா பேசுதேன். நேத்து எங்க போயிருந்தா எம்மவ?"

நான் தயாராதான் இருந்தேன். "குன்றத்தூர் கோயிலுக்கும்மா. போட்டோ வரலையா?"

"வந்துச்சு தாயி. நாலு வாரமா வருது. நாலுலயும் தலையில அதே ரோசாப்பூ. அதே பக்கம் ஒரு இதழ் மடங்கிக் கெடக்கு. ஒரு மாசமா வாடாத பூ எந்த ஊர்ல பூக்குது?"

நான் போனை இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு மாத்தினேன்.

"ஞாயித்துக்கிழமையும் வேலைக்குத்தான போறா?"

"அவளைக் கேட்டுடாதீங்கம்மா. நீங்க வூட்ல நிம்மதியா இருக்கணும்னுதான் இவ்வளவும் பண்றா."

"கேக்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் ஒனக்குப் போன் போட்டேன். பகல்ல அவ கூப்பிட்டா என்னால எடுக்க முடியாது. எடுக்கலையேன்னு பதறுனான்னா, அம்மா சாப்பிட்டுட்டுத் தூங்கும்னு நீதான் சமாளிக்கணும்."

"ஏன் எடுக்க முடியாது? நீங்க இப்போ எங்கம்மா இருக்கீங்க?"

கொஞ்ச நேரம் இருமல் சத்தம்தான் கேட்டது.

"தீப்பெட்டி ஆபீஸ்லதான் தாயி. எம்புள்ளைக்கு நெசமாவே ஒரு ஞாயித்துக்கிழமை வேணாமா?"