பத்து நிமிஷ ஜாமீன்

"ஆசாத் சார், பீமராவ் சார், பெலிண்டா, பானுப்ரியா. உள்ள நாலு பேரு. மணி நாலே முக்கால். கிளம்புற வழியைப் பாருங்க."

திருச்சிக் கல்லூரி ஒன்றின் ஆவண அறைக்குக் காப்பாளர் அடைக்கலராஜ். ஐந்து மணிக்குப் பூட்டுவார். ஐந்து ஒன்றுக்கு அல்ல.

மூன்று பேர் காட்டூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். மணி ஐந்து ஆகியும் பானுப்ரியா எழவில்லை. காலையில் அவள் படிக்கும் வகுப்பு, மாலையில் அவள் எடுக்கும் வகுப்பு. நடுவில் இரண்டு மணி நேரம்தான் ஆராய்ச்சி. அந்தக் காலத்துக் காவிரி வெள்ளம் ஒன்றில் ஸ்ரீரங்கத்து ஜனங்களைப் பெண்களும் பரிசல் ஓட்டிக் காப்பாற்றினார்கள் என்று எழுதியிருந்தாள். ஆதாரம் இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தையே தூக்கச் சொல்லிவிட்டார் வழிகாட்டி. பழைய பதிவேடுகள் நாளை பைண்டிங்குக்குப் போகின்றன. திரும்பி வர ஆறு மாதம். போட்டோ எடுக்கவும் அனுமதி இல்லை.

"இன்னும் நாலு பக்கம்தாண்ணே. பத்து நிமிஷம் குடுங்க."

"முடியாதும்மா. அஞ்சேகாலுக்கு நான் ஒரு இடத்துல இருக்கணும். லேட்டானா கதவைச் சாத்திடுவாங்க. போன செவ்வாக்கிழமை அம்பத்திரண்டு வயசுல வராண்டாவுல நின்னேன். நல்லாவா இருக்கு?"

பானுப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். "இன்னைக்குச் சாத்த மாட்டாங்க."

"யாரு ஜாமீன்?"

"நான்தான்."

ஏற இறங்கப் பார்த்தார். சாவியை மேசையில் வைத்தார். "பத்து நிமிஷம். பதினொண்ணு கிடையாது."

ஒன்பதாவது நிமிடம் அவள் கத்தினாள். "கிடைச்சிருச்சு! பரிசல்காரங்க பட்டியல்ல வெள்ளையம்மாள், வீராயி. ரெண்டு பேரும் கைநாட்டு!"

"இங்க கத்தக் கூடாது" என்றவர் தானே ஓடி வந்து எட்டிப் பார்த்தார். "அட, ஆமா! எழுதும்மா, சீக்கிரம் எழுது!"

பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. அறையைப் பூட்டிவிட்டு அடைக்கலராஜ் மாடிப்படியில் தாவினார். பின்னாலேயே பானுப்ரியாவும் ஓடினாள்.

மேலே மாலை நேர பி.ஏ. வகுப்பு. வாசலில் மூச்சு வாங்க நின்று, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

"ஒரு நிமிஷம் லேட்டு. உள்ள வரலாமா, மேடம்?"

"முதல்ல போய் உட்காருங்க, நானும்தான் லேட்டு" என்று வருகைப் பதிவேட்டோடு அவருக்குப் பின்னால் நுழைந்த பானுப்ரியா, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.