பாலத்துக்கு அந்தப் பக்கம்

மெனு அட்டையை மூக்குவரை தூக்கிப் பிடித்துக்கொண்டார் அருளானந்தம். வாழை இலையில் சோறும் மீன் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. மனிதர் கையே வைக்கவில்லை.

"என்னங்க, சாப்பிடாம அதையே படிச்சிட்டு இருக்கீங்க?" என்றாள் அவர் மனைவி லொரைன்.

"மெதுவா பேசு லா. தூண் பக்கத்து மேசையப் பாரு. நம்ம கம்பெனி ஆளு, மருதப்பன்."

லொரைன் திரும்பிப் பார்த்தாள். இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே, அவன் பார்த்துவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டாள். அவளுக்கு எங்கே தெரியும் இவர் செய்துவைத்த கூத்து!

சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் ஓர் ஏர்கான் சர்வீஸ் கம்பெனிக்கு அருளானந்தம் மேனேஜர். ஊருக்குப் போக லீவு வேண்டும் என்று மருதப்பன் போன மாதம் மறுபடியும் வந்து நின்றான். எதற்கு என்றுகூடக் கேட்காமல் கையை விரித்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். "நானே ஞாயித்துக்கிழமைகூட எங்கயும் போறதில்ல தம்பி, வீட்ல உக்காந்து வேலைதான் பாக்குறேன்" என்று ஒரு பொய்யையும் சேர்த்து அவிழ்த்துவிட்டார்.

வீட்டில் உட்காருகிற லட்சணம்தான் தெரியுமே. போன வாரம் மலாக்கா, அதற்கு முன்னால் பாத்தாம் தீவு. இன்றைக்குக் காலைப் பூசை முடிந்த கையோடு காரை எடுத்துப் பாலம் தாண்டி மலேசியப் பக்கம், ஜொகூருக்கு வந்தாயிற்று. தலைக்குச் சாயம் பூசி, கார் நிறையச் சாமான் வாங்கிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்த இடத்தில்தானா இவன் வந்து உட்கார வேண்டும்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். வெட்கத்தில் அவருக்குக் காதுவரை சூடேறியிருந்தது.

"தனியா வரல போலிருக்கே. யாரு அந்தப் பொண்ணு?" என்றாள் லொரைன்.

மெனு அட்டை மெல்ல இறங்கியது. மருதப்பனுக்கு எதிரே சுடிதார் போட்ட ஓர் இளம்பெண், மடியில் ஒரு குழந்தை. மருதப்பன் சோற்றைப் பிசைந்து உருட்டிக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனான். அது வீல் என்று கத்திக்கொண்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் சிரித்தபடி, அந்த உருண்டையை அவன் வாய்க்கே தள்ளிவிட்டாள்.

அருளானந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா? பிள்ளை அவன்கிட்டப் போகவே மாட்டேங்குது. அப்ப அவன் பிள்ளை இல்ல. ஊர்ல தாலி கட்டினவ இருக்கா, இங்க எவளோடயோ குடும்பம் நடத்துறான்."

தாலி கட்டினவள் இருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும். போன வருஷம் மருதப்பன் டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊருக்கு போன் போட்டுச் சொன்னதே இவர்தான். அந்தப் பெண் அழுதாள். "அண்ணா, ஒரு தடவ அவர அனுப்பி வைங்கண்ணா" என்றாள். பார்க்கலாம்மா என்று போனை வைத்தவர்தான், அதற்கப்புறம் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

இப்போது நினைத்தார். நல்லவேளை, இவனை அனுப்பாமல் விட்டோம் என்று நினைத்தார். இத்தனை நேரம் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த வெட்கம் விட்டது. அடுத்தவன் தப்பு பெரிதாகத் தெரிந்ததும் போன பசிகூடத் திரும்பி வந்தது, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"மத்தவனுங்கெல்லாம் ஞாயித்துக்கிழமையானா தேக்கா மார்க்கெட்டுக்குப் போயி கறி, காய் வாங்கிட்டு ரூமுக்குப் போறானுங்க. இவனுக்கு ஜொகூர் கேக்குது. இவனப் பாத்து நான் ஒளிஞ்சேன் பாரு!"

சொல்லிக்கொண்டே இடது கையால் போனை எடுத்துத் தேடினார். மருதப்பன் மனைவி என்று அவரே போட்டுவைத்த நம்பர் இன்னும் இருந்தது.

 லொரைன் சோற்றுக் கையோடு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. நமக்கெதுக்கு ஊர் வம்பு? ஒரு குடும்பத்தக் கெடுத்த பாவம் நமக்கு வேணாம்."

"நான் எங்க கெடுக்கிறேன்? அண்ணான்னு கூப்பிட்டவளுக்கு உண்மையச் சொல்ல வேணாமா?"

கையை உதறிவிட்டு வாட்ஸ்அப்பில் அழைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். மனசைத் திடப்படுத்திக்கோம்மா என்று தொடங்கினால் சரியாக இருக்கும் என்று தோன்றியது.

தூண் பக்கத்து மேசையில் ஒரு போன் மணியடித்தது.

குழந்தையை மடியில் இருத்திக்கொண்டே அந்தப் பெண் போனை எடுத்துப் பார்த்தாள். மருதப்பனிடம் திரையைக் காட்டினாள். அவன் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டான். அவனை உட்காரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு அவள் போனைக் காதில் வைத்தாள்.

லொரைன் தலையைக் குனிந்துகொண்டாள். அருளானந்தத்துக்குப் போனை அணைக்க விரல் வரவில்லை. ஒரே குரல் ஒரு காதில் போன் வழியாகவும், மறு காதில் தூண் பக்கமிருந்தும் கேட்டது.

"சொல்லுங்கண்ணா... அவர அனுப்ப முடியாதுன்னுட்டீங்க, அதான் பிள்ளைக்கு அப்பாவக் காட்ட நானே வந்துட்டேன்."