திரைக்கயிறு

“கப்பல்ல உனக்கு அழணும்னு தோணினா, எங்கம்மா போய் அழுவ?”

மகள் சின்னவளாக இருந்தபோது போனில் கேட்டது. அம்மாக்காரி சிரித்து மழுப்பிவிட்டாள்.

அவளுக்குக் கப்பலில் அறை துடைக்கும் வேலை. முன்பு கடல் கப்பல். ஓர் ஊரையே தூக்கி மிதக்கவிட்டது மாதிரி இருக்கும். இப்போது நதிக் கப்பல்; மிஞ்சிப்போனால் ஒரு தெரு.

அன்று அவள் துடைக்கப் போன அறையில் தங்கியிருந்த அறைக்காரர் காலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போதுகூட இரண்டையும் ஒப்பிட்டு அளந்துகொண்டிருந்தார். கழுத்தில் கேமரா.

“கடல் கப்பல்ல ஜன்னலத் திறந்தா நாளெல்லாம் வெறும் தண்ணி. இங்க நேத்து பாத்தியா, கரையில துணி காயப்போட்டவ முகம்கூடத் தெரிஞ்சுது.”

“அங்க செத்துக்கிடந்தாலும் பக்கத்து ரூமுக்குத் தெரியாது. இங்க நீங்க தும்மினா மூணாவது ரூம்லேருந்து ஒடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறாங்க” என்றாள் மனைவி.

அவர்கள் போனதும், உடை மாற்றுவதற்காக அவர்கள் இறக்கியிருந்த ஜன்னல் திரையை அவள் கயிற்றை இழுத்து ஏற்றினாள்.



வெளியே நதி இல்லை. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் இன்னொரு கப்பலின் ஜன்னல்.

துறையில் இடம் போதாவிட்டால் நதிக் கப்பல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டுவது வழக்கம். சற்றுமுன்தான் இவர்கள் கப்பல் வந்து ஒட்டியிருந்தது. எதிர் அறையில் இருந்தவர் அதைக் கவனிக்கவில்லை. நதியைப் பார்க்கத் திறந்த திரை திறந்தபடியே இருந்தது.

கட்டிலில் ஒரு பெண்மணி, பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு முடி இல்லை. முட்டை ஓடுபோல வெளுத்த அந்தத் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

பக்கத்து மேசைவிளக்கின் மேல் ஒரு கொண்டை உட்கார்ந்திருந்தது. செம்பு நிறம். மூன்று அடுக்கு.

ஐயோ, ராணியம்மா!

கடல் கப்பலில் வேலைக்காரர்கள் வைத்த பெயர் அது. வருடம் தவறாமல் வருவார். கொண்டை முதலில் வரும், ஆள் பின்னால் வருவார் என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள்.

கண்ணாடியைத் தட்டிச் சொல்லலாம். சொன்னால், ஒருத்தி பார்த்துவிட்டாள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

நடையில் செருப்புச் சத்தம். அறைக்காரரின் குரல்.

“பக்கத்துக் கப்பல் அப்படியே உள்ள வரைக்கும் தெரியுதாமே! ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து சாப்பிடறேன்.”

போன வாரம்தான் துண்டு மாற்ற மறந்ததாக அவள்மீது ஒரு புகார். இன்னொன்று வந்தால் அடுத்த துறையில் இறக்கிவிடுவேன் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

சாமி, மன்னிச்சுக்கோ.

அவள் திரையைச் சரசரவென்று இறக்கினாள். கயிற்றைக் கையில் சுற்றி, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். அறுந்தது.

“அதை ஏத்தும்மா” என்றபடி அவர் உள்ளே வந்தார்.

“கயிறு அறுந்துபோச்சுங்க சார்.”

“தள்ளு, நான் கையால தூக்கிக்கறேன்.”

“ஐயோ, தொடாதீங்க! மேல இருக்கற உருளை மண்டையில விழுந்துரும்.”

அவர் மேலே பார்த்தார். தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். கேமராவை மூடினார்.

“என்ன கப்பல் நடத்தறீங்க? இரு, சொல்றேன்.”

சொல்லிவிட்டார்.

மேற்பார்வையாளர் நடையில் நிறுத்திவைத்து, நாலு பேர் காதில் விழத் திட்டினார். அவள் தலை குனிந்து நின்றாள். கடைசியில் இறக்கிவிடவில்லை; நாளை முதல் அடித்தளத்துச் சலவை அறைக்கு மாற்றினார். அங்கே ஜன்னலே கிடையாது.

“போறதுக்கு முன்னாடி அந்தக் கயித்த மாத்திட்டுப் போ.”

மதியம் இவர்கள் கப்பல் விலகி வழிவிட, பக்கத்துக் கப்பல் கட்டவிழ்த்துப் போனது. எல்லோரும் மேல்தளத்தில் நின்று கை ஆட்டினார்கள். அவள் காலி அறைக்குள் நாற்காலி போட்டு ஏறி, புதுக் கயிற்றைக் கோத்தாள்.

கோக்கும்போது அந்தப் பழைய நாள் கண்முன் வந்தது.

நடுக்கடல். அப்பா போய்விட்டார் என்று போன் வந்தது. இறங்க வழியில்லை. கீழே, ஒரே அறையில் நாலு பேர். பயணிகள் எதிரே எப்போதும் சிரித்த முகம். ராணியம்மாவின் படுக்கையை விரித்துக்கொண்டிருந்தபோது தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள்.

கதவு திறந்தது. ராணியம்மா.

அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ பலகையை எடுத்து வெளியே கதவில் மாட்டினார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். பொழுது சாயும்வரை திரும்பவில்லை.

பிறகு அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. அவளுக்கும் நன்றி சொல்ல வாய் வரவில்லை.

அன்று மேல்தளத்தில் பேய்க்காற்று. அந்தக் காற்றில் ராணியம்மா இரண்டு கைகளாலும் கொண்டையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக நின்றதை, சமையற்கட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அறைக்குள் போய் உட்கார வேண்டியதுதானே என்றார்கள்.

அவள் கயிற்றை முடிச்சுப் போட்டாள். சட்டென்று கை நின்றது.

அன்று கதவைத் திறந்து உள்ளே வரும்போதே ராணியம்மாவின் ஒரு கை தலைக்குப் போயிருந்தது. கொண்டையைக் கழற்றுவதற்கு.

இவளைப் பார்த்ததும் அந்தக் கை கீழே இறங்கியது.