ஐந்து அறை, ஒரே லைன்

அந்த அலுவலகத்தில் ஐந்து அறைகளில் ஐந்து தொலைபேசிகள் இருந்தன. லைன் ஒன்றுதான். மணி ஒலித்தால் ஐந்தும் ஒலிக்கும். அழைப்புக்கு உரியவர் எடுத்ததும் மற்றவர்கள் வைத்துவிட வேண்டும் என்பது வழக்கம். யாரும் வைக்காததும் வழக்கமாகிவிட்டது. எத்தனை பேர் ரிசீவரைத் தூக்கியிருக்கிறார்களோ, எதிர்முனைக் குரல் அந்த அளவுக்குத் தேய்ந்து கேட்கும்.

“தமயந்தி மேடம், உங்க வருங்கால மாமனாரு லைன்ல! ஸ்வீட் எப்போ?” பக்கத்து அறையிலிருந்து ஜம்புலிங்கம் கத்தினார்.

“சும்மா இருங்க சார்.” சிரித்தபடியே எடுத்தாள். முப்பத்தாறு வயதில் இப்போதுதான் ஒரு வரன் கூடிவந்திருந்தது. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “தப்பா எடுத்துக்காதம்மா. இது சரிப்பட்டு வராது. உங்க அண்ணனுக்கு மனநிலை சரியில்லையாமே.”

அண்ணனைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. வீட்டில் தொலைபேசி கிடையாது. அவனைப் பார்க்கும் மருத்துவர் மட்டும் அவ்வப்போது இந்த எண்ணுக்குப் பேசுவார்.

“யாரு சொன்னாங்க?”

“உங்க ஆபீஸ்லேர்ந்துதாம்மா போன் வந்துச்சு. பேரைச் சொல்லிடட்டுமா?”

எங்கோ ஒரு ரிசீவர் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு மற்ற இரண்டும் ஒன்றாக. குரல் அவள் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோல் தெளிந்தது.

“அம்மா, நான் பேசறது கேக்குதா?”

“இப்ப நல்லாக் கேக்குதுங்க,” என்றாள் தமயந்தி. “பேரு வேண்டாம்.”