வீட்டுக்காரர் நம்பர்

"சொல்ல முடியாதுன்னா முடியாதுதான். வெய்யி போனை!"

பேங்க் ஹால் முழுக்கக் கேட்டது. கவுண்டர்ல இருக்கிற கீர்த்தனா பேங்க் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"தூ! இன்னா மனுஷன்யா!" என்றார் வரிசையில் நின்ற ஒருத்தர்.

பொன்னிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அது அவள் வீட்டுக்காரர் ராமதாஸோட நம்பர். மனுஷன் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. அந்த நம்பரில் ஒரு ஆம்பளைக் குரல் "அலோ" என்றதுமே, அவள் தரையிலேயே இல்லை. எங்கேயோ மிதக்கிற மாதிரி இருந்தது.

"ரீசார்ஜ் பண்ணாம விட்டீங்கல்லம்மா? கம்பெனிக்காரங்க அந்த நம்பரை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க" என்றாள் கீர்த்தனா. "உங்க கணக்குல இன்னும் அதேதான் இருக்கு. புது நம்பர் மாத்தணும்னா, அந்தப் போனுக்கு வர்ற ஓடிபியை அவர் சொல்லணும். ஆறே ஆறு நம்பருதான். மாத்தாம விட்டா இந்த வாரத்தோட கணக்கை நிறுத்தி வெச்சிருவாங்க."

கணக்கில் இருப்பது ராமதாஸ் உயிருக்கு வந்த நஷ்ட ஈடு. அடி அண்ணாமலையில், கிரிவலம் போறவங்களுக்கு ஃபிளாஸ்கில் சுக்குக்காபி விற்கிறவள் பொன்னி. கார்த்திகைக்குள்ள ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிடணும் என்பது அவள் கனவு. கால் முன்ன மாதிரி இல்லை.

"கவலைப்படாதக்கா, நான் இருக்கேன்ல" என்றான் புகழேந்தி.

பக்கத்துத் தெருக்காரன். ஊரில் பாதிப் பேருக்கு அவன்தான் பேங்க் ஃபாரம் எழுதிக் கொடுப்பான். பைக்கில் கூட்டிக்கொண்டு வந்ததும் அவன்தான். பொன்னியிடம் போன் கிடையாது, தொடவே பயம் என்பாள். அதனால் புது நம்பர் என்கிற இடத்தில் தன் நம்பரையே எழுதிக் கொடுத்திருந்தான்.

"நீங்க இவங்களுக்கு இன்னா வேணும்?" என்று கீர்த்தனா கேட்டபோதுகூட, "கூடப்பொறந்த தம்பி மாதிரி மேடம்" என்றானே! பொன்னிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேடம், நான் ஒருதரம் பேசிப் பாக்கவா?" என்றாள் பொன்னி.

மறுபடி போன் போட்டார்கள்.

"ஐயா... இது எங்க வீட்டுக்காரர் நம்பருங்க. அவர் இப்ப இல்லைங்க."

அந்தப் பக்கத்துக் குரல் தணிந்தது. "உன் பேர் இன்னாம்மா?"

"பொன்னிங்க."

"எந்த பேங்க்ல நிக்கிற?"

சொன்னாள்.

"அங்கியே இரு. செங்கத்துலருந்து பஸ் ஏறுறேன். நான் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்து போடாத."

போன் வைக்கப்பட்டதும் புகழேந்தி குதித்தான். "பாத்தியாக்கா? காசு புடுங்கத்தான் வரான்! வா, போயிடலாம். நாளைக்கு வேற வழி பாக்கலாம்."

"அந்த நம்பர் யார் கையில இருக்குன்னு ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன்டா."

"நம்பர்ல இன்னாக்கா இருக்கு?"

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே மலை உச்சியில் ஒரு மேகம் தலையணை மாதிரி சாய்ந்து கிடந்தது. ஏசிக் காத்தில் கண் சொருகியது. பாதித் தூக்கத்தில் ராமதாஸ் கூப்பிட்டார். 'சுக்கு இருக்குதா, வாங்கியாரவா? ஃபிளாஸ்கு மூடியை இறுக்கிட்டியா?' ஒரு பௌர்ணமிக்குப் பத்து தடவை அக்கம்பக்கத்துப் போனுக்கு அடிப்பார். விஷயம் ஒண்ணும் இருக்காது. அவள் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

"பொன்னி யாரும்மா?"

விழித்தாள். எதிரே ஒரு பெரியவர். தாடியிலும் தலையிலும் வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு. மேகம்தான் இறங்கி வந்துடுச்சோ என்று ஒரு நொடி மயங்கினாள்.

"சாந்த் பாஷா. மெத்தை தைக்கிறேன். பாதி வேலையில போட்டுட்டு ஓடியாரேன்" என்று தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டார்.

"பைக்கை நெழல்ல விட்டுட்டு வரேன்க்கா" என்றான் புகழேந்தி.

"இருடா, நீதானே வெவரமாப் பேசுவ" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள் பொன்னி.

பாஷா கீர்த்தனாவிடம் திரும்பினார். "கத்தினதுக்கு மன்னிச்சுக்கோம்மா. அவன்தான் ஆள் வெச்சுப் பேசறான்னு நெனச்சுட்டேன்."

"எவன்?"

"ஒருத்தன் மாசாமாசம் போன் பண்றான். 'பேங்க்லருந்து பேசறோம், பொன்னி கணக்குக்கு நம்பர் வந்திருக்கும், சொல்லு'ம்பான். கெஞ்சுவான், மெரட்டுவான். போன மாசம் பாதிக்குப் பாதி தரேன்னான். யாரோ ஒரு பொம்பளை காசாச்சே, எப்படிச் சொல்றது?"

"நீங்க இந்த நம்பரையே விட்டிருக்கலாமே பாய்? தொல்லை ஜாஸ்தியாச்சே" என்றாள் பொன்னி.

"என் பொண்ணு சுல்தானாவும் அதான் சொல்றா. நான் விட்டா, அடுத்து யார் கைக்குப் போவுமோ! வாங்கினவன் நம்பரைச் சொல்லிட்டான்னா? அதான் ஒரு வருஷமா ரீசார்ஜ் பண்ணி வெச்சிருக்கேன்."

பொன்னி இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"அவன் நம்பரு இதோ இருக்குது. போலீஸ்ல குடுக்கணும்னாலும் குடுங்க." போனை நீட்டினார்.

கீர்த்தனா போனைப் பார்த்தாள். மேசை மேல் இருந்த ஃபாரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து மறுபடி பார்த்தாள்.

பிறகு ஃபாரத்தைப் பொன்னி பக்கம் திருப்பி வைத்தாள்.

"இந்த நம்பரைத்தானேம்மா உங்க தம்பி இதுல எழுதியிருக்காரு?"