பெயர் மட்டும் பொருந்தியது

வெப்பம் அளக்கும் சென்சாரின் முனையை அவள் தண்ணீர் டம்ளரில் போட்டாள்.

திரையில் எண் இறங்கியது. முப்பத்தாறு. முப்பத்து நாலு. முப்பத்தொன்று.

அலாரம் அடிக்கவில்லை.

குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டி. முப்பத்தாறுக்குக் கீழே போனால் அது அலற வேண்டும். சூடு ஏறினால் அலறுவதற்குத் தனிச் சர்க்யூட்; அதை மட்டுமே இதுவரை எல்லோரும் சோதித்திருந்தார்கள்.

வாசலில் வண்டி. பதினொரு பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது.

"லிங்க் ஆயிருச்சுங்களே மேடம். ஒரு எர்ரர்கூட வரலியே?" என்றார் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியசாமி.

"கோப்புகள ஒண்ணாச் சேக்குற லிங்கருக்குப் பேரு பொருந்துனாப் போதுங்க. உள்ள என்ன இருக்குன்னு அது பாக்காது. வண்டிய நிறுத்துங்க."

குரலில் தயக்கமே இல்லை.

சி மொழியில் எழுதிய இரண்டு நிரல் கோப்புகளையும் அருகருகே திறந்தாள். ஒன்று வெப்பத்தை அளந்து வைக்கிறது. இன்னொன்று அதை எடுத்துப் பார்த்து அலாரம் அடிக்கிறது.

அளக்கும் கோப்பில் வெப்பநிலை தசம எண். அலாரக் கோப்பில் அதே பெயர், முழு எண் என்று.

தசமமாகப் பதிந்த முப்பத்தொன்றை அலாரம் முழு எண்ணாக எடுத்து நூற்றுப்பத்துக் கோடி என்று படித்துக்கொண்டிருந்தது. அத்தனை சூட்டில் எந்தக் குழந்தைக்குக் குளிரும்?

"யாரு எழுதுனதுங்க?"

"நான்தான்."

போன மாதம் ஒன்றைத் தசமத்துக்கு மாற்றியிருந்தாள். மற்றதை மறந்துபோயிருந்தாள்.

எந்த வகை எண் என்று சொல்லும் அந்த ஒரு வரியைப் பொதுவான தலைப்புக் கோப்பில் வைத்தாள். இனி இரண்டும் அதைத்தான் படிக்கும். முரண்பட்டால், இணைப்பதற்கு முன்பே நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே மறித்துவிடும்.

மறுபடி இணைத்தாள்.

மறுபடி டம்ளர்.

அலாரம் கூடத்தையே அதிர வைத்தது.

ஆரோக்கியசாமி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"போன வாரம் அனுப்புன ஆறு பெட்டி எங்கெங்க இருக்குங்க?"

தாள் வந்தது. முதல் எண், மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்று. சொல்ல வேண்டியது அவளுக்குத் தெளிவாக இருந்தது. பெட்டியை நம்பாதீர்கள். மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வையுங்கள். சாயங்காலத்துக்குள் நானே வருகிறேன். தவறு என்னுடையது.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தார்கள்.

பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"பிள்ளைங்க வார்டுங்க. ஒரே சத்தமா இருக்கு, இருங்க, கதவச் சாத்திட்டு வந்தர்றேன்."

"வேண்டாங்க சிஸ்டர்," என்றாள். "சாத்தாதீங்க."